நிறுத்து, திருப்பு, மறுபடி போடு: கல்லூரி நூலக ஏவி ரூமின் கதை

காலேஜ் படித்தவர்களுக்கு இந்த அறை தெரிந்திருக்கும். நூலகத்தில் ரெஃபரன்ஸ் அலமாரிகளைத் தாண்டி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. மேலே 'ஆடியோ விஷுவல் சென்டர்' என்றோ 'மீடியா சென்டர்' என்றோ ஒரு பலகை. ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு ஏசி ஓடும். மற்ற நாளில் சாவியைக் கேட்டால், "சார் லீவுப்பா" என்று பதில் வரும் :-)

இந்த அறையைப் பற்றி நிறையப் பேர் எழுதி நான் பார்த்ததில்லை. புத்தகம், நூலகர், ரங்கநாதன் என்று எழுதுகிறோம். டீவிப் பெட்டியையும் கேசட்டையும் விட்டுவிடுகிறோம். ஆனால் எங்கள் வத்திராயிருப்பு மாதிரி (உள்ளூர்க்காரர்கள் வாயில் 'வத்ராப்') மலையடிவார ஊரிலிருந்து பஸ் பிடித்துப் படிக்கப் போன பிள்ளைகளுக்கு, தன் கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஒரு நல்ல வாத்தியாரைப் பார்க்க ரொம்ப காலம் இருந்த வழிகளில் இந்த அறையும் ஒன்று. அதன் கதையை முடிந்தவரை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படச்சுருள் காலம்

முதலில் வந்தது 16 மி.மீ. படச்சுருள். டெல்லியில் இருந்த மத்திய திரைப்பட நூலகம், உறுப்பினரான பள்ளி கல்லூரிகளுக்குக் கல்விப் படங்களை இரவல் அனுப்பியது. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படங்களும் விளக்கப்படங்களும் ஒரு பக்கம் சுற்றின.

இதை நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. 400 அடிச் சுருள் ஓடினால் சுமார் 11 நிமிஷம். புரொஜெக்டர் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், இருட்டடித்த ஹால் வேண்டும், கரண்ட் வேண்டும். சுருள் அறுந்தால் ஒட்டத் தெரிய வேண்டும். ஒரு மாணவன் "அந்த இதய வால்வு வந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க சார்" என்று கேட்கவே முடியாது. முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்கிற படத்தை ஒருத்தனுக்காகத் திருப்பிப் போடுவார்களா என்ன?

இந்த 'திருப்பிப் போடுவது' என்கிற விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் அதைச் சுற்றித்தான் போகிறது.

வானத்திலிருந்து வகுப்பு

1975 ஆகஸ்ட் 1 அன்று சைட் என்கிற பரிசோதனை தொடங்கியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு ஒரு வருஷம் தொலைக்காட்சி காட்டினார்கள். ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் கிடையாது. அதே மாதம் 15ஆம் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்தார்கள் என்பதோடு நமக்குத் திருப்தி.

சைட்டை அகமதாபாத்திலிருந்து நடத்திய விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் பேராசிரியர் யஷ்பால். அந்தப் பரிசோதனை கொடுத்த தைரியத்தில் சொந்தச் செயற்கைக்கோள் வந்தது. 1982 ஏப்ரலில் அனுப்பிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே படுத்துவிட்டது. 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் ஏறிப் போன இன்சாட்-1பி பிழைத்துக்கொண்டது. அதன் ஒளிபரப்பு நேரத்தில் உயர்கல்விக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அப்போது யூஜிசி தலைவராக இருந்தவர் மாதுரி ஷா. 1984 ஆகஸ்ட் 15 அன்று 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' தூர்தர்ஷனில் ஆரம்பமானது. மதியம் ஒரு மணி நேரம், அதே நிகழ்ச்சி சாயங்காலம் மறுபடியும்.

நிகழ்ச்சி தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் தனி மையங்கள் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை அண்ணா பல்கலையிலும், எங்கள் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலையிலும் அப்படி மையங்கள் உருவாயின. 1993இல் இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்க சிஇசி என்ற அமைப்பு வந்தது. கல்லூரிகளுக்கு டீவி வாங்கவும் யூஜிசி உதவியது. அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? டிபார்ட்மென்ட் ரூமில் வைத்தால் மற்ற டிபார்ட்மென்ட் சண்டைக்கு வரும். எல்லாருக்கும் பொதுவான இடம் என்று பார்த்தால் நூலகம்தான்.

ஒரு தற்செயல் ஒற்றுமை. எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் வருகிற கிருஷ்ணன்கோவிலில், அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியதும் அதே 1984இல்தான் (2006இல் நிகர்நிலைப் பல்கலை ஆனது). ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி அதற்குப் பதினோரு வருஷம் மூத்தது, 1973. ஆக, செயற்கைக்கோள் வகுப்பு வந்த நேரமும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஊரைவிட்டு ரொம்ப தூரம் போகாமல் காலேஜ் படிக்க முடிந்த நேரமும் ஏறக்குறைய ஒன்று.

ஒளிபரப்பின் இரண்டு குறைகள்

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? நடைமுறையில் இரண்டு இடத்தில் இடித்தது.

ஒன்று, நேரம். மதியம் போடுகிற நிகழ்ச்சியைப் பார்க்கக் கல்லூரி டைம்டேபிளில் அந்த மணி காலியாக இருக்க வேண்டும். சாயங்கால மறுஒளிபரப்பைப் பார்க்க, பஸ்ஸைத் தவறவிடத் தயாராக இருக்க வேண்டும். ஹாஸ்டல்காரனுக்குக் கவலையில்லை. வத்ராப், கூமாப்பட்டி பக்கம் திரும்ப வேண்டிய பிள்ளைக்கு நாலு மணிக்கு மேல் எல்லாமே பஸ்தான். தவிர, அன்றைய நிகழ்ச்சிகள் பாடத்திட்டத்தை ஒட்டியவை அல்ல. பொதுஅறிவை வளர்ப்பதுதான் நோக்கம். பரீட்சைக்கு வராத விஷயத்துக்காகப் பஸ்ஸை விடுவாரா யாராவது?

இரண்டு, மொழி. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கொஞ்சம் இந்தியில். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த பையனுக்கு, டெல்லி உச்சரிப்பில் வேகமாக ஓடுகிற ஆங்கிலம் முதல் ஐந்து நிமிஷத்திலேயே கைநழுவிப் போகும். புத்தகமாக இருந்தால் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டலாம். ஒளிபரப்பில் விரல் வைக்க இடம் இல்லை.

பாடம் நல்ல பாடம். பேசுகிறவரும் பெரிய ஆள். ஆனால் கேட்கிறவனுக்காக ஒரு விநாடிகூட நிற்காது.

கேசட் வந்தது, விரல் வைக்க இடம் வந்தது

என்னைப் பொறுத்தவரை ஏவி ரூமின் உண்மையான ஆரம்பம் விசிஆர்தான். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் முறையைக் கொண்டுவந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டீவி வந்த பிறகு, விசிஆர் இங்கேயும் பரவியது. ஊருக்குள் அதை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நூலகத்துக்குள் அதே மெஷின் வேறு வேலை செய்தது. மதியம் வந்த நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தால், அடுத்த வாரம் காலி மணியில் பார்க்கலாம். புரியவில்லையா? நிறுத்து, திருப்பு, மறுபடி போடு.

வானத்திலிருந்து வந்தது அரசாங்கத்தின் நேரம். கேசட்டில் ஏறியதும் அது மாணவனின் நேரம். இந்த மாற்றத்தைச் செய்து கொடுத்தது நூலகம். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அவர் புத்தகத்தை நினைத்து எழுதியது, அரை நூற்றாண்டு கழித்து விசிஆருக்கும் அச்சாகப் பொருந்தியது.

ஆனால் மெஷின் வாங்கினால் போதாது, நடத்த ஆள் வேண்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் அந்த 'லீவு சாரின்' அருமை தெரியும் :-)

- பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் அதன் மேலேயே கிரிக்கெட் மேட்ச் பதிந்துவிடுவார்.
- மூன்று மணி நேரக் கேசட்டில் ஐந்தாறு நிகழ்ச்சி இருக்கும். எது எந்த இடத்தில் ஆரம்பம் என்று விசிஆரின் கவுன்ட்டர் எண்ணைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். அந்த எண் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும்.
- படம் கோடு கோடாக வந்தால் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். தப்பான திசையில் அழுத்தித் துடைத்தால் ஹெட் போச்சு.
- கேசட்டைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும், படுக்கப் போடக் கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். பூஞ்சை பிடித்த ஒரு கேசட்டைப் போட்டால் அது மெஷினுக்கும், மெஷினிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.
- எல்லாவற்றுக்கும் மேல், அட்டவணை. 'பௌதிகம் - 3' என்று மட்டும் லேபிள் ஒட்டிய கேசட்டை யாரும் கேட்டு வர மாட்டார்கள். பேசுகிறவர் யார், எதைப் பற்றி, எத்தனை நிமிஷம், எந்த வகுப்புக்குப் பயன்படும் என்று எழுதிய அட்டை இருந்தால்தான் அந்தக் கேசட் 'இருக்கிறது' என்று அர்த்தம்.

புத்தகத்தின் முதுகைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். கேசட் அத்தனையும் ஒரே கறுப்புப் பெட்டி. அதனால் ஏவி ரூமில் அட்டவணை போடுகிற ஆள் புத்தகப் பிரிவைவிட இரண்டு மடங்கு முக்கியம். பல இடங்களில் நடந்தது நேர்மாறு. மெஷினுக்கு டெண்டர், ஏசிக்கு டெண்டர், ஆளுக்கு மட்டும் 'கூடுதல் பொறுப்பு'.

மறுபடியும் வானம், அப்புறம் ஹார்ட் டிஸ்க்

2000 ஜனவரி 26 அன்று ஞான் தர்ஷன் சேனல் வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பினார்கள். 2010 வரை அது வேலை செய்தது. இருவழித் தொடர்பு, கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம் நிஜமான முன்னேற்றம். ஆனால் நேரம் மறுபடியும் வானத்தின் கைக்கே போய்விட்டது. குறிப்பிட்ட மணிக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேசட்டின் உண்மையான வாரிசு என்று நான் நினைப்பது என்பிடெல்லைத்தான். அமெரிக்காவில் எம்ஐடி தன் பாடங்களை எல்லாருக்கும் திறந்துவிடப் போவதாக 2001 ஏப்ரலில் அறிவித்தது. அதற்கு முன்பே, 1999 வாக்கில், சென்னை ஐஐடியில் இதுபோன்ற ஒரு யோசனை பேசப்பட்டுக்கொண்டிருந்தது. 2003இல் மத்திய மனிதவள அமைச்சகத்தின் பணத்தில் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல்லைத் தொடங்கின. ஒரு வீடியோ பாடம் என்றால் ஒரு மணி நேர வகுப்புகள் சுமார் 40. பாடத்திட்டத்தை ஒட்டியவை. கன்ட்ரிவைட் கிளாஸ்ரூமின் பெரிய குறை ஒன்று இங்கே தீர்ந்தது.

2007-08 வாக்கில் யூட்யூபிலும் ஏற்றினார்கள். ஆனால் சின்ன ஊர்க் கல்லூரிக்கு அதனால் உடனே பலன் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2004இல் அரசாங்கம் 'பிராட்பேண்ட்' என்று வரையறுத்தது 256 கேபிபிஎஸ். ஒரு வகுப்பின் வீடியோ 200 எம்பி என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் இறங்க ஒரு மணி 44 நிமிஷம். நாற்பது வகுப்புக்கு இடைவிடாமல் கிட்டத்தட்ட மூன்று நாள். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. நூறு பையன்கள் ஒரே நேரத்தில் பார்ப்பது என்பது கனவில்தான்.

இதற்கு என்பிடெல் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பாடங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கல்லூரிகளுக்கே கொடுத்தார்கள். நூலகம் அதைத் தன் சர்வரில் போட்டு, உள்ளூர் நெட்வொர்க்கில் திறந்துவிட்டது. வெளியே இன்டர்நெட் நத்தை வேகத்தில் ஊர்ந்தாலும், கேம்பஸுக்குள் வீடியோ தடையில்லாமல் ஓடும். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் பயனாளருக்குப் பக்கத்திலேயே நகல் சர்வர் வைக்கிற அதே தத்துவம்தான் இது. நம் நூலகங்கள் பார்சலில் வந்த ஹார்ட் டிஸ்கை வைத்து அதைச் செய்துவிட்டன!

சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையும் சாக்பீஸுமாக நடத்திய இயற்பியல் வகுப்புகளை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதே வகுப்பை ஓர் ஊர்க் கல்லூரிப் பையன், புரியாத இடத்தில் நிறுத்தி, பக்கத்து ஸீட்டுக்காரனிடம் "என்னடா சொல்றாரு?" என்று கேட்டு, மூன்று தடவை திருப்பிப் பார்த்தான் என்றால், அந்தப் பெருமையில் ஒரு பங்கு ஏவி ரூமுக்கு உண்டு.

மொழிச் சிக்கலும் கொஞ்சம் இளகியது. அண்ணா பல்கலை 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. பிற்பாடு என்பிடெல் தன் பாடங்களின் எழுத்துவடிவத்தைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடத் தொடங்கியது.

அறை காலியானது

நான் கல்லூரியில் படித்தபோது ஏவி ரூமில் பாதி ஹெட்போனுக்கு ஒரு காது கேட்காது. ஆனாலும் இன்டர்னல் பரீட்சை வாரத்தில் இடம் பிடிக்க வரிசை நிற்கும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அந்த செமஸ்டர் முடிவதற்குள் வரிசை காணாமல் போய்விட்டது. எல்லார் கையிலும் யூட்யூப். 2017 ஜூலையில் ஸ்வயம் தளமும், வீட்டுக் கூரையில் டிஷ் வைத்தே பார்க்கக்கூடிய ஸ்வயம் பிரபா சேனல்களும் வந்தன.

நல்லதுதானே? நிச்சயமாக நல்லதுதான். வத்ராப் பையன் பஸ்ஸில் போகும்போதே பாலகிருஷ்ணனைக் கேட்கிறான். இதற்காக ஒப்பாரி வைக்க நான் வரவில்லை.

என் கவலை வேறு. அறை காலியானபோது அதில் இருந்த கேசட்டுகள் என்ன ஆயின?

டெல்லியிலும் சென்னையிலும் தயாரித்த நிகழ்ச்சி ஒரு கல்லூரியில் அழிந்தாலும் வேறெங்காவது ஒரு நகல் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒவ்வொரு ஏவி ரூமும் தானே பதிந்தவை உண்டு. ஆண்டுவிழாவுக்கு வந்த எழுத்தாளரின் பேச்சு. ஓய்வுபெற்றுப் போன தாவரவியல் பேராசிரியர் மேற்குமலை அடிவாரத்துச் செடிகளைக் காட்டி நடத்திய வகுப்பு. என்எஸ்எஸ் முகாமில் பழைய கண்மாய் பற்றிப் பெரியவர் ஒருவர் சொன்ன கதை. தமிழ்த்துறை எடுத்த நாட்டுப்புறப் பாட்டு. இந்த மாதிரி ஒன்று உங்கள் கல்லூரியில் இருந்தால், உலகத்திலேயே அதற்கு ஒரே பிரதிதான். அதைத் தேடினால் யூட்யூபில் கிடைக்காது.

காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. அதைவிடக் குறைவு அதை ஓட்டுகிற மெஷினுக்கு. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. உலக ஒலி-ஒளி ஆவணக்காரர்கள் 2025ஐ ஒரு கெடுவாகச் சொல்லிவந்தார்கள். அதற்குள் டிஜிட்டலாக மாற்றாத டேப்புகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்பது கணிப்பு. யுனெஸ்கோவும் ஐஏஎஸ்ஏ என்ற சர்வதேச அமைப்பும் 2019இல் இதற்காகவே ஓர் எச்சரிக்கைத் திட்டம் நடத்தின. அந்தக் கெடு நம்மைத் தாண்டிப் போய்விட்டது. அதற்காக ஒரே ராத்திரியில் எல்லாம் அழிந்துவிடாது. வருஷத்துக்கு வருஷம் செலவு கூடும், பிழைப்பது குறையும், அவ்வளவுதான்.

"காப்பிரைட் பிரச்சினை வரும் சார்" என்று சிலர் கைவிரிப்பார்கள். 2012இல் திருத்திய நம் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, லாபநோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க இடம் கொடுக்கிறது. கல்லூரி நூலகமாக இருந்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கல்லூரியே எடுத்த பதிவுக்கோ பேசியவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் காரியம் முடிந்தது.

செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. முதலில் பட்டியல்: பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது, எந்த வருஷம், பூஞ்சை இருக்கிறதா. இரண்டாவது, தரம் பிரிப்பது: கடையில் வாங்கியது ஒரு பக்கம், கல்லூரியே எடுத்தது ஒரு பக்கம். இரண்டாவது வகைதான் அவசரம். மூன்றாவது, ஓடுகிற நிலையில் ஒரு விசிஆர், கம்ப்யூட்டரில் செருக ஒரு கேப்சர் கருவி. மூன்று மணி நேர டேப்பை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. நான்காவது, நகலை இரண்டு வேறு இடத்தில் வைப்பது. ஐந்தாவது, மறுபடியும் அதே பழைய அட்டவணை. யார், எதைப் பற்றி, எப்போது. அது இல்லாவிட்டால் கறுப்புப் பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு கறுப்புப் பெட்டியில் போட்டதாகத்தான் ஆகும்.

என்னைப்போல ஐடியில் இருப்பவர்களுக்கு ஒரு லீவு நாளில் முடிகிற வேலைகள் இதில் சில இருக்கின்றன. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது படித்த கல்லூரி நூலகத்தில் தலையைக் காட்டி, "சார், அந்த பழைய கேசட்டெல்லாம் எங்க சார் இருக்கு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 'ஸ்டோர் ரூம்' என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. 'கழித்துக்கட்டியாச்சு' என்றால், எந்த வருஷம், யார் பேசிய கேசட்டுகள் என்றாவது கேட்டு எழுதி வையுங்கள். ஞாபகம் இருக்கிற நூலகர்களும் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கல்லூரி ஏவி ரூமில் என்ன இருந்தது, என்ன ஆச்சு என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள் மக்களே.